கால்பம்பும் கேப்பைக் கூழும்

போன மாதம் சென்னையில் என் பழைய அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நான்கு வார்த்தை பேசவேண்டுமாம். போனேன். பொன்னாடை, பூங்கொத்து, ஆறிப்போன காபி எல்லாம் ஆனபிறகு ஒரு பெண் எழுந்து கேட்டாள். "சார், இப்ப டெஸ்டுக்கு ரத்தம் மாதிரி திரவம் சீல் வெச்ச பாட்டில்ல வந்துடுது. உங்க காலத்துல என்ன பண்ணீங்க?"

"கேப்பைக் கூழ்" என்றேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் விழுப்புரம் திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு தாண்டியும் அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. அந்தக் கூழ் கதையில் சிரிக்க ஒன்றும் கிடையாது. அதில் ஒரு நல்ல வேலைக்காரன் தன் வாய்ப்பை இழந்தான். ஏன் இழந்தான் என்று காகிதத்தில் இருப்பது ஒன்று, நடந்தது வேறொன்று. காகிதத்தில் இருப்பதை எழுதியவன் நான். அதனால் நடந்ததையும் நானே எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். இரண்டு வருஷம் ஒரு சர்க்கரை ஆலையில் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தேன். பெங்களூரில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் உருப்படியானது ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததை எழுது, அடுத்தவன் சொன்னதை எழுதாதே. மீதியெல்லாம் மசால் தோசையும் மேட்னி ஷோவும்.

சில ஊர்கள் மாறியபிறகு, எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு சின்ன அலுவலகம் திறந்து என்னை அங்கே போட்டார்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு அரிசி மண்டிக்கு மேலே இரண்டு அறைகள். வேலை இதுதான். போர்முனையில் அடிபட்ட சிப்பாய்க்கு அந்த இடத்திலேயே வைத்தியம் பார்க்கச் சில சாமான்கள் வேண்டும். மடக்கி முதுகில் மாட்டிக்கொள்கிற ஸ்ட்ரெச்சர், ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் பட்டை, கரண்ட் இல்லாமல் ஓடும் கருவிகள். வருஷத்துக்குச் சில நூறுதான் தேவைப்படும் என்பதால் பெரிய கம்பெனிகள் சீண்டாது. ஆகவே சின்னப் பட்டறைக்காரர்களைப் பிடித்து, "நீ செய்து காட்டு, செய்து பார்க்கிற செலவை அரசாங்கம் தரும்" என்று ஒரு திட்டம். பணம் மூன்று கட்டமாகப் போகும். முதல் கட்டம் நேராகப் போகும், அடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் நாங்கள் போய்ச் சோதித்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் அடுத்த பணம் வரும், இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும்.

எங்களுக்கு அதிகாரி ஒரு மேஜர். ராணுவ மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் பையனிலிருந்து கலெக்டர் வரைக்கும் எல்லோரையும் "நீங்க" என்றுதான் பேசுவார், குரல் ஏறி நான் கேட்டதே இல்லை. ஆனால் எந்தச் சாமானையும் முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்ப்பார். பட்டையை அவர் தொடையில் கட்டி இறுக்கச் சொல்வார். கால் நீலம் பாரிக்கும். "இன்னும் கொஞ்சம்" என்பார்.

விழுப்புரத்திலேயே இரும்புக் கட்டில் செய்கிற ஒருவர் மடக்கு ஸ்ட்ரெச்சர் செய்தார். மேஜர் அதில் படுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார். ஓடினார்கள். "இன்னும் ஜல்தி" என்றார். ஆற்று மணலில் திடுதிடுவென்று ஓடும்போது துணி பர்ரென்று கிழிந்து மேஜர் கீழே விழுந்தார். கட்டில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மேஜர் எழுந்து மணலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன எழுதினீங்க மிஸ்டர் கோதண்டம்?"

"துணி கிழிந்ததுன்னு சார்."

"எங்க கிழிஞ்சது? தையல்லயா, துணியிலயா?"

நான் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிவிடுகிற அவசரத்தில் இருந்தேன்.

"கிழிஞ்சது இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்க கிழிஞ்சதுன்னு சொல்றதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். தையல் விட்டுருந்தா அவர் தப்பு. துணி விட்டுருந்தா, அந்தத் துணிதான் வேணும்னு சொன்ன நம்ம தப்பு."

குனிந்து பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது, துணிதான் விட்டிருந்தது. அறிக்கைப் படிவத்தில் ஏழாவது கேள்வி ஒன்று உண்டு: தோல்விக்குக் காரணம் யார் பக்கம்? தயாரிப்பவர் பக்கம் என்றால் மார்ச் மாத முடிவோடு கதை முடிந்தது. சோதிக்கிற எங்கள் பக்கம் என்றால் தயாரிப்பவருக்கு இன்னும் ஆறு மாத அவகாசம் உண்டு. அன்று ஏழாவது கேள்விக்கு "எங்கள் பக்கம்" என்று எழுதினேன். கட்டில்காரர் வேறு துணி போட்டு அடுத்த முறை தேறினார். ஏழாவது கேள்வி என்ன செய்யும் என்று எனக்கு அன்றே தெரியும். பிறகு தெரியாது என்று சொல்ல வழியில்லை.

இனி தனபால் விஷயத்துக்கு வருகிறேன்.

முகத்திலோ தாடையிலோ குண்டு பட்டவன் பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை. ரத்தமும் வாந்தியும் தொண்டையை அடைத்து மூச்சுத் திணறிச் சாகிறான். உறிஞ்சி எடுத்தால் பிழைப்பான். ஆஸ்பத்திரியில் அதற்குக் கரண்டில் ஓடும் மெஷின் உண்டு. மேஜர் ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில் வரும்போது, டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னார். போர்முனையில் அவருடைய கூடாரத்தில் மெஷின் இருந்ததாம். ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம். இருபது வயசுப் பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே போய்விட்டானாம். "பக்கத்துல மெஷின் இருந்தது" என்று மட்டும் இரண்டாம் தடவை சொன்னார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது காலால் மிதித்தால் உறிஞ்சும் ஒரு பம்பு. கால் மிதித்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், அடிபட்டவனைப் பிடித்துக்கொள்ளலாம்.

அதைச் செய்ய வந்தவன்தான் தனபால். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் பட்டறை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் செய்வான். வல்லம், அனந்தபுரம் பக்கத்து விவசாயிகள் எல்லாம் அவனிடம்தான் வாங்குவார்கள். அவன் ஸ்பிரேயர் அடைக்காது என்று பேர். எங்கள் விளம்பரத்தை யாரோ படித்துக்காட்ட, நேரே விழுப்புரம் வந்து மேஜர் முன்னால் நின்றான். முப்பத்தைந்து வயசிருக்கும், நல்ல கறுப்பு, சட்டையில் கிரீஸ்.

"சார், தள்றதும் உறிஞ்சறதும் ஒரே வேலைதான் சார். வால்வைத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது. நான் பண்ணிக் குடுக்கிறேன்."

"அவ்வளவு சுலபமா?" என்றார் மேஜர்.

"சுலபம்னு சொல்லல சார். பண்ணிக் குடுக்கிறேன்னு சொன்னேன்."

மேஜருக்கு இந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. முதல் கட்டப் பணம் கிடைத்தது. தனபால் எடுத்த காரியத்தில் முழுசாக இறங்குகிறவன். அந்த சீசனில் வந்த ஸ்பிரேயர் ஆர்டர்களை எல்லாம் வேறு பட்டறைக்குத் திருப்பிவிட்டு, ராத்திரி பகல் பாராமல் இதிலேயே கிடந்தான். அவன் மனைவி அஞ்சலைக்கு அதில் கொஞ்சம் கோபம். எங்களுக்கு டீ வைக்கும்போது சத்தமாகவே சொல்வாள். "வர்ற வாடிக்கையெல்லாம் தொரத்தி வுட்டுட்டு, மிலிட்டிரிக்குப் பம்பு செய்றாராம். அது ஆவலன்னா திரும்ப எவன் வருவான்? கேட்டா பேஜாரு பண்ணாதன்றாரு."

"ஆவும். நீ போ" என்பான் தனபால், பம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பம்பும் வந்தது. ரப்பர் துருத்தி, மேலே மிதிக்கும் பலகை, பக்கத்தில் ஜாடி, அதிலிருந்து குழாய், நடுவில் கோலி மாதிரி ஒன்று ஏறி இறங்கித் திறந்து மூடுகிற குண்டு வால்வு. முதுகில் சுமந்துகொண்டு நடந்தால் தாங்குமா என்று பார்க்க பெருமுக்கல் மலைக்குப் போனோம். தனபாலே முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். மேஜரும் ஏறினார். நான் பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, இரண்டு பேரும் வருகிறவரை ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் வேலைதானே. கீழே வந்து மிதித்துப் பார்த்தபோது உறிஞ்சும் அளவைக் காட்டும் மீட்டரின் முள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தனபால் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "பம்புக்கு ஒண்ணும் ஆவல சார். எனக்குத்தான் உறிஞ்சணும்."

அந்தக் கட்டத்தின் கடைசிச் சோதனை பொங்கல் கழிந்த வாரத்தில். அது தேறினால் இரண்டாம் கட்டப் பணம் வரும். அதை வைத்துப் பத்துப் பம்பு செய்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சோதனைக்கு ரத்தம் மாதிரி ஒரு திரவம் வேண்டும். தண்ணீரில் கலக்கி அதைச் செய்யச் சென்னையிலிருந்து வரவேண்டிய பொடி வரவில்லை. பொடி வராவிட்டால் என்ன செய்வது என்று மேஜர் முன்பே ஒரு பக்கம் டைப் அடித்து வைத்திருந்தார். தானியக் கூழ் பயன்படுத்தலாம். ரத்தம் உறைந்தால் கட்டி கட்டியாக வரும் அல்லவா, ஆகவே கூழிலும் கட்டிகள் இருந்தே ஆகவேண்டும். மதிப்பிடுகிறவர் கூழில் கைவிட்டுப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். மேஜர் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, "திரவம் உங்க பொறுப்பு" என்றார்.

நான் தனபாலுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். நொய் போட்ட கேப்பைக் கூழ் ஒரு பானை, சாதாரணமாக வீட்டில் கிண்டுகிற மாதிரி. அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் சாதாரணமாகக் கிண்டுகிற கூழில் நொய்யும் இருக்கும், கட்டியும் தட்டும். அதுவே போதும்.

அன்று பஸ் லேட். போய்ச் சேர்ந்ததும் முள் காட்டும் மீட்டரை மாட்டி, கடிகாரத்தைச் சரிபார்த்து, படிவத்தில் ஊர் பேர் எல்லாம் நிரப்பி, அதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அஞ்சலை பளபளவென்று தேய்த்த பித்தளைக் குண்டானில் கூழைக் கொண்டுவந்து வைத்தாள். தனபால் குழாயை விட்டு மிதித்தான். சர்ரென்று கூழ் ஜாடிக்குள் ஏறியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மேஜர் தானே மிதித்தார், பிறகு என்னை மிதிக்கச் சொன்னார். மூன்று தடவையும் தேறியது. மேஜர் தனபாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மீந்த கூழில் மோர் விட்டு, வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து எங்களுக்குக் கொடுத்தாள் அஞ்சலை. நல்ல பசி. இரண்டு சொம்பு குடித்தேன். குடித்துவிட்டு மனசாரச் சொன்னேன், "கட்டியே இல்லாம எவ்ளோ நைசா இருக்குதும்மா. எங்க வூட்ல இப்படிக் கிண்டினதே இல்ல."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இதை எழுதும்போது இப்போதுகூட என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கட்டி இருந்தே ஆகவேண்டும் என்ற காகிதம் என் சட்டைப் பையில். கட்டியே இல்லை என்று சொன்னது என் வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. சொல்லும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாம் கட்டப் பணம் வந்தது. தனபால் பத்துப் பம்பும் செய்தான். வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயின. மார்ச் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. ஆபரேஷன் அறையில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். முதல் ஆளுக்கே, உறைந்த ரத்தக் கட்டி குண்டு வால்வில் மாட்டிக்கொண்டு பம்பு நின்றுவிட்டது. பக்கத்தில் கரண்ட் மெஷின் இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் இல்லை. மேஜர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியா இருந்ததால" என்றார்.

மறுபடி சோதிக்க இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூழை முதலில் பார்த்துவிட நான் நேரே பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனேன். அஞ்சலை கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து இறக்கினாள். ஒரு குண்டான் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, கரண்டியால் தேய்த்து வடிகட்ட ஆரம்பித்தாள். நொய்யும் கட்டியும் துணியில் தங்கின.

நான் குண்டான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "என்னம்மா பண்றீங்க?"

"வடிகட்றேன் சார்."

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"ஆமா சார். நாங்க குடிக்கிறதுன்னா எப்படியோ குடிச்சிக்குவோம். ஆபீசருங்க வர்றீங்க, கட்டியும் முட்டியுமா கொண்டாந்து வெச்சா நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனைப்பீங்க? பொம்பள கூழுகூடக் கிண்டத் தெரியாதவன்னு நெனைக்க மாட்டீங்களா?" என் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள். "ஏன் சார்? நீங்கதான சொன்னீங்க, கட்டியே இல்ல, நைசா இருக்குதுன்னு?"

துணியில் தங்கியிருந்த கட்டியை எல்லாம் வழித்துத் திரும்பக் கூழிலேயே போட்டேன். குண்டானைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். தனபால் மிதித்தான். நான்கு மிதி சரியாகப் போனது. ஐந்தாவது மிதியில் கொர்ரென்று ஒரு சத்தம். துருத்தி அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது.

தனபால் பலகையிலிருந்து காலை எடுத்தான். வால்வைக் கழற்றினான். குண்டுக்கும் அதன் வாய்க்கும் நடுவில் ஒரு நொய்க் கட்டி. அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அடைக்காத ஸ்பிரேயர் என்று பேர் எடுத்தவன். அவனுக்கு அவமானமாக இருந்தது, அதே நொடியில் வழியும் தெரிந்துவிட்டது.

"சார், குண்டு வால்வே ஆவாது சார். மடக்கு வால்வு போடணும், கதவு மாதிரி. குழாய் வாயும் இன்னும் அகலம். ரெண்டு மாசம் குடுங்க சார், முடிச்சுடறேன். அன்னைக்கே இப்படி நின்னிருந்தா இந்நேரம் பண்ணியே முடிச்சிருப்பனே! அன்னைக்கு எப்படி சார் ஓடுச்சு?"

நான் மேஜரைப் பார்த்தேன். அஞ்சலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள். "நான் வடிகட்டிட்டேன்."

தனபால் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "என் பொழப்பையே வடிகட்டிட்டியே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். என் பையில் இருந்த காகிதத்தை எடுத்து அவனிடம் காட்டியிருக்க வேண்டும். மீட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. மறுநாள் விழுப்புரம் அலுவலகத்தில் மேஜர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த இடத்தில் அடைத்தது, எத்தனையாவது மிதியில் நின்றது, கட்டி எத்தனை பெரிசு என்று அவர் ஒன்றையும் விடவில்லை. ஆறாவது கேள்வி முடிந்தது. அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழாவதை நீங்களே எழுதிடுங்க. திரவம் உங்க பொறுப்புதானே. நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் அலுவலக நேரத்தில் டீ குடிக்கப் போய் நான் பார்த்ததில்லை. கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோல்விக்குக் காரணம் யார் பக்கம்? "எங்கள் பக்கம். மதிப்பிடுபவர் கூழில் கைவிட்டுப் பார்க்கவில்லை." இதை எழுத ஒரு நிமிஷம் போதும். எழுதினால் தனபாலுக்கு ஆறு மாதம் கிடைக்கும், அவன் கேட்டது இரண்டுதான். ஆனால் என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் மேலே போயிருந்தது. அந்த வருஷம் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதற்காகப் பத்து வருஷம் காத்திருந்தேன். பயந்தேன் என்பதைத் தவிர வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

"தயாரிப்பாளர் பக்கம். ஜனவரியில் அவர்கள் கொடுத்த சோதனைத் திரவம் விதிப்படி இல்லை" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெங்களூரில் சொல்லிக் கொடுத்தபடி கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

மேஜர் திரும்பி வந்து படித்தார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார். கீழே வேலை செய்கிறவன் எழுதியதை அவர் எப்போதும் திருத்தியதில்லை, அது அவர் வழக்கம். ஏன் திருத்தவில்லை என்று பல நாள் அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. என்ன ஒரு துணிச்சல் பாருங்கள், தப்புச் செய்தவன் நான், கோபம் அவர் மேல். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறுகிறவரை எந்தச் சோதனைக்கும் திரவத்தை என்னிடம் விடவில்லை. தன் கையாலேயே கலந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் கோப்பை மூடும் கடிதம் வந்தது. கடிதத்தை நேரில் கொடுத்து, தனபாலின் உபயோகத்துக்கென்று பட்டறையில் விட்டிருந்த இன்னொரு அரசாங்க மீட்டரையும் திரும்ப வாங்கிவர வேண்டும். நான்தான் போனேன். சித்திரை வெயில். பட்டறையில் வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பிரேயர் வாடிக்கை போனது போனதுதான். மேஜை மேல் ஒரு பம்பு பிரித்துக் கிடந்தது. அதில் தகரத்தில் வெட்டிய மடக்கு வால்வு ஒன்று புதிதாக இருந்தது. யாரும் கேட்காமல், யாரும் பணம் தராமல் செய்திருக்கிறான்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. "என்ன காரணம் போட்டுக்கிறாங்க சார்? படிச்சுச் சொல்லுங்க" என்றான்.

படித்துச் சொன்னேன். என் வார்த்தைகளை நானே தமிழில் சொன்னேன். தயாரிப்பாளர் கொடுத்த திரவம் விதிப்படி இல்லை.

அவன் உள்ளே பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றான். உள்ளிருந்து பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து அஞ்சலை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். சொம்பை நீட்டும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி. நான் தண்ணீரைக் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நின்றாள். பிறகு காலி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மாசமாகப் புருஷன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் வரும்போதே சொல்லியிருந்தார்.

நான் விரல் வைத்த இடத்தில் தனபால் கையெழுத்துப் போட்டான். மீட்டர் பெட்டி கனம். நான் வேண்டாம் என்று சொல்லியும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். விழுப்புரம் பஸ் வந்ததும் உள்ளே ஏறி, பெட்டியை என் காலடியில் வைத்தான். இறங்கிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றான். எதையோ சொல்ல வந்து தயங்குவது தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டான், கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பஸ் கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"சார், எங்க வூட்ல பண்ண தப்பால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆகல தனபால்" என்றேன்.

"அப்ப சரி சார். அதான் ரெண்டு பேரும் பயந்துகினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தான். அந்த வருஷமே எனக்குப் பதவி உயர்வு வந்தது.